ஆஸ்துமா: இல்லை

2014 கோடை விடுமுறையில் அந்தமான் போனோம். என் கணவர் சைமன்ராஜுக்கு ஸ்கூபா டைவிங் ஆசை. ரிசார்ட்டில் முதலில் ஒரு மருத்துவப் படிவம் கொடுத்தார்கள். ஆங்கிலப் படிவம் என்றால் நான்தான் நிரப்புவேன். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். ஆஸ்துமா உண்டா என்ற கேள்வியில் பேனா நின்றது.

"இல்லைன்னு டிக் போடு, நான்சி. மைன்ஸ் மெடிக்கலுக்கு வருஷா வருஷம் போடறதுதானே?"

அவருக்கு வீசிங் இருப்பது தெரிந்தால் நெய்வேலி சுரங்கத்தில் ஷிப்ட் வேலையிலிருந்து மாற்றிவிடுவார்கள் என்று பயம்.

"இது கடலுங்க."

"உனக்குப் பயம்னா கரையில உக்காந்து சுண்டல் தின்னு."

பக்கத்தில் நின்ற புதுமணத் தம்பதி சிரித்தார்கள். கோபத்தில் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்று வரிசையாக டிக் போட்டேன். கடலில் இறங்கிய பத்து நிமிடத்தில் அவரைத் தூக்கி வந்தார்கள். இன்ஹேலர் என் கைப்பையில் இருந்தது.

நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குச் சவப்பெட்டியோடு படிவத்தின் நகலும் வந்தது. மாமியார் அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்த டிக்கு யாருடி போட்டது?"

டிக்கைப் பார்த்து எழுதியவர் யாரென்று சொல்ல முடியாது. கீழே இருந்தது அவர் கையெழுத்து.

"அவரேதான் போட்டாருங்க, அத்தை."

அத்தை பெட்டியை ஓங்கி அறைந்தார். "முட்டாப் பயலே, நீயே தேடிக்கினியேடா!"

ஆமாம் என்று தலையாட்டினேன்.