வலது கை

ரிட்சுகோ இடது கையால் தூபப் பொடியைக் கிள்ளிக் கரியில் போட்டபோது மசாயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவன் முன்னால் வலது கையை வெளியே எடுக்கக்கூட மனமில்லையா? அது கறுப்புக் கோட்டின் பைக்குள் சொகுசாகக் கிடந்தது. தகன உலையின் கதவு மூடிக்கொண்டது.

செத்தவன் நோரியோ. மசாயோவின் ஒரே தம்பி, தபால் நிலைய ஊழியன், வயது நாற்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமைகளில் பாழடைந்த கட்டடங்களைப் படம் பிடிக்கப் போவதாகச் சொல்வான். மலைமேல் இருபது வருடமாகப் பூட்டிக்கிடந்த வெந்நீர் ஊற்று விடுதியில் மாடித் தரை உடைந்து விழுந்து செத்தான். அவனிடம் கேமராவே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. பையில் எண்ணெய் தடவிச் சுருட்டிய சணல் கயிறுகள் இருந்தன. கூட இருந்தவள் இந்த ரிட்சுகோ. அவன் கயிற்றால் கட்டுவதும் அவள் கட்டப்படுவதுமாக, இருவரும் மனமொத்து ஆறு வருடம்.

அதைக்கூட மசாயோ விழுங்கிக்கொண்டாள். ஆளுக்கொரு கிறுக்கு. விழுங்க முடியாதது வேறு. பதினோரு மணிக்கு அவன் விழுந்திருக்கிறான். அரை மணி நடையில் இருக்கும் சாலைக்கு இவள் வந்து சேர்ந்தது பன்னிரண்டரைக்கு. மிச்ச நேரம் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள்?

எரிந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காத்திருக்கும் அறையில் தேநீரும் ஆரஞ்சும் வைத்திருந்தார்கள். ரிட்சுகோ பழத்தைத் தொடவில்லை. மசாயோவின் சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது.

"கட்டிப்போட வீட்டுல தூணா இல்ல?"

ரிட்சுகோ கோபப்படவில்லை. "வீட்டுல பக்கத்து வீட்டு டிவி சத்தம் கேட்கும். அங்க ஓட்டை விழுந்த கூரை வழியா வெயில் வரும், பாய் மேல பாசி. உலகமே எங்கள மறந்துட்ட மாதிரி இருக்கும். அதுக்குத்தான் போனோம். யாருமே இல்லாததுதான் எங்களுக்குப் பிடிச்சது. அதுதான் அவரையும் கொன்னுது."

சித்தப்பா தேநீரைப் பார்த்துக்கொண்டார். மசாயோ கேட்டேவிட்டாள்.

"ரோட்டுக்கு வர ஏன் அவ்வளவு நேரம்?"

"கட்டி முடிச்சிட்டு, கொஞ்சம் தள்ளி நின்னு பார்க்கப் பின்னாடி போனார். பலகை உளுத்திருந்துச்சு. கயிறு வெட்டுற கத்திரி அவர் இடுப்புல இருந்துச்சு. அதுவும் அவரோட போயிடுச்சு."

மசாயோவின் பார்வை அந்தக் கோட்டுப் பைக்குப் போனது.

"அப்ப உங்க கை?"

"பின்னால கட்டியிருந்துச்சு, அக்கா. போனும் அங்க எடுக்காது. கீழேர்ந்து அவர்தான் சொன்னார். சுவரோரமாப் போ, மெதுவான்னு. படியில உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். ரோட்டுல லாரிக்காரர்தான் அவுத்துவிட்டார். போற வர்றவங்க எல்லாரும் பார்த்தாங்க. ஆம்புலன்ஸ் மலைப்பாதை வாசல்ல போட்டிருந்த சங்கிலிகிட்டயே நின்னுடுச்சு."

ரிட்சுகோ பைக்குள்ளிருந்து வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்தாள். மணிக்கட்டு ஈரத் துணிபோலத் தொங்கியது. எப்போதும் பத்தே நிமிடத்தில் கடிகாரம் பார்த்து அவிழ்த்துவிடுவாராம். அன்று ஒன்றரை மணி நேரம் இறுகிக் கிடந்ததில் நரம்பு செத்திருக்கிறது. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மூன்று நாளாக இவளை மனசுக்குள் வைத வசவெல்லாம் மசாயோவுக்கு நினைவு வந்தது. வெட்கமாக இருந்தது. ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்து, சுளைகளைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினாள்.

ஊழியர் வந்து அழைத்தார். தட்டில் வெள்ளை எலும்புகள் இன்னும் சூடாக இருந்தன. ஒரு எலும்பை இரண்டு பேர் சேர்ந்து குச்சிகளால் எடுத்து ஜாடியில் வைக்க வேண்டும். காலில் தொடங்கி மேலே வந்தார்கள். கடைசியில் தொண்டை எலும்பு மிஞ்சியது. அது மிக நெருங்கியவர்களுக்கு உரியது. சித்தப்பா குச்சியோடு முன்னால் வந்தார்.

"நீங்க இருங்க, சித்தப்பா," என்றாள் மசாயோ. சுவரோரம் நின்றவளிடம் ஒரு ஜோடிக் குச்சியை நீட்டினாள்.

"இடது கையால செய்யக் கூடாதே, அக்கா."

"வலது கையாலயே செய்யலாம்."

மசாயோ அந்தத் தொங்கிய விரல்களுக்கிடையில் குச்சிகளைச் செருகி, மணிக்கட்டைத் தன் இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். மறு கையில் தன் குச்சிகள். இரு பக்கமும் குச்சி தொட, எலும்பு தட்டிலிருந்து எழும்பி லேசாக நடுங்கியது.

"மெதுவா," என்றாள் மசாயோ.

ஜாடி இரண்டடி தள்ளி இருந்தது. எலும்பு விழவில்லை.