அமிலப் பாதி

காலை ஒன்பதரைக்குக் கைப்பேசி அதிர்ந்ததும் அஸ்ஃபியா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். முத்துராணிதான். கல்லூரி வாசலில் நின்று பேசினாள். பின்னால் பஸ் இரைச்சல்.

"ஏட்டி, எஸ்டர் ஆகும்போது தண்ணியாப் போகுதே, அந்த ஆக்ஸிஜன் ஆல்கஹால்ல உள்ளதா, ஆசிட்டுல உள்ளதா? எல்லாம் மறந்துபோச்சு."

"ஆசிட்டுல உள்ளது. பதறாத. மொதல்ல கார்பனைல் ஆக்ஸிஜன்ல புரோட்டான் ஏறும், பொறவுதான் ஆல்கஹால் வந்து ஒட்டும். அம்புக்குறி எலெக்ட்ரான்ல இருந்து கிளம்பணும். புரோட்டான்ல இருந்து போட்டுராத."

முதல் வருடத்திலிருந்தே இருவருக்கும் இதுதான் வழக்கம். எந்தத் தாளானாலும் பாதிப் பாதி. ஒருத்தி தன் பாதியைப் படித்து மற்றவளுக்குச் சொல்லித்தர வேண்டும். அடுத்தவள் பாதியைப் புத்தகத்தில் பார்ப்பது துரோகம் என்று முத்துராணி சட்டம் வேறு போட்டிருந்தாள். கடைசித் தாளான கரிம வேதியியலில் அமில வினைகள் அஸ்ஃபியாவுக்கு, நிறமாலை முத்துராணிக்கு.

பிரித்துக்கொண்ட அதே வாரம் சவூதியில், தம்மாமில், அஸ்ஃபியாவின் கணவன் முஹ்சின் மாரடைப்பில் இறந்துபோனான். கல்யாணத்துக்கு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனவன். அஸ்ஃபியா தாய்வீட்டில் இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய அந்த மாதங்களுக்குள்ளேயே கடைசித் தாளும் வந்தது. அதை எழுதினால் பட்டம்.

பகலில் போய்ப் பகலிலேயே திரும்பினால் தப்பில்லை என்றுதான் பள்ளிவாசல் ஆலிம்சா சொன்னார். வாப்பா ஆட்டோவும் பேசி வைத்தார். நேற்று உம்மா ஹமீது பீவிதான் மறித்தாள்.

"வேண்டாம் மவளே. பிள்ளைய மண்ணுல வச்ச ஈரங்கூடக் காயல. மருமவ பரீட்சைக்கிப் போறான்னு கேட்டா ஏர்வாடியில உம் மாமியா மனசு என்ன பாடுபடும்?"

அஸ்ஃபியா சரி என்றுவிட்டாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது. முஹ்சினை நினைத்து அழ உட்கார்ந்தால் பாடம்தான் மனதில் ஓடியது. அவன் முகம்கூடப் போனில் தெரிந்த முகமாகவே நினைவுக்கு வந்தது. புருஷனுக்கு அழுகிறேனா, பரீட்சைக்கு அழுகிறேனா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

முத்துராணி தினமும் சாயந்தரம் சேரன்மகாதேவியிலிருந்து மேலப்பாளையத்துக்கு வந்து போனாள். "ஆசிட்டோட ஓ.ஹெச். மூவாயிரம் பக்கம் தாடி மாதிரித் தொங்கும். தாடியைப் பாத்தா ஆசிட்டுன்னு எழுதிரு" என்றாள் ஒருநாள், நிறமாலைக் கோட்டைக் காட்டி. "வாப்பா தாடி மாதிரியா?" என்று அஸ்ஃபியா கேட்டுவிட, இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முஹ்சினின் மௌத்துச் செய்தி வந்தபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"நீ எங்கன வந்துக்கிட்டிருக்க?" என்றாள் முத்துராணி இப்போது.

"நீ உள்ள போ. நான் வரல."

"இத ஏன் இப்பச் சொல்லுத?"

"நேத்தே சொன்னா நீ படிச்சிருப்பியா? மணியாச்சு, போ."

பத்து மணிக்கு அஸ்ஃபியா பாயில் உட்கார்ந்து போன வருடத்துக் கேள்வித்தாளை எடுத்தாள். வெள்ளைத்தாளில் தேர்வு எண்ணை எழுதினாள். அதற்குக் கீழே முதல் விடை. தண்ணீர் கொண்டுவந்த உம்மா பார்த்துவிட்டு, செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பதினோரு மணிவாக்கில் வாசலில் ஆட்டோ நின்றது. ஏர்வாடியிலிருந்து மாமியாரும் அவர் தங்கையும் மருமகளைப் பார்க்க வந்திருந்தார்கள். அஸ்ஃபியா தாள்களைப் பாய்க்கு அடியில் தள்ளப் போனாள். உம்மாவின் குரல் கேட்டது.

"வாங்க மைனி, இங்கன உக்காருங்க. உள்ள போகாண்டாம். பிள்ள பரீட்சை எழுதுதா. ஒரு மணிக்கு முடிஞ்சிரும்."

வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அறைக்கதவை உம்மா வெளியிலிருந்து பைய இழுத்துச் சாத்தினாள்.

எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. அஸ்ஃபியா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு, அடுத்த கேள்வியின் எண்ணை ஓரத்தில் எழுதினாள்.