வியாழக்கிழமை தெற்கே போன பந்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பந்தியில் கிடைத்தது. பொன்னமராவதியில் ஒரு கல்யாணம். இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிர்ச் சுவரை மறைத்துத் தொங்கிய வெள்ளைத் திரையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு எண்ணெய்க் கறை. வடை ஏதும் பறந்து போய் ஒட்டியதோ என்று பரிமாறியவரிடம் கேட்டேன். "அது கோல்ஃப் பந்து பட்ட எடம்ங்க" என்று சொல்லிவிட்டு ரசத்தோடு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

மண்டபக்காரர் ரகுநாத்தைப் பிடித்தேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் சாப்பாட்டுக் கூடம் சும்மாதானே கிடக்கிறது என்று, வெளியூரில் வேலை பார்த்தபோது பழகிய விளையாட்டை இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். பந்தை அடித்தால் அது திரையில் முட்டிக் கீழே விழும். கேமரா அதன் வேகத்தைக் கணக்குப் போட்டு, மிச்சப் பயணத்தைத் திரையில் படமாக ஓட்டும். புல்வெளி, மரம், குளம் எல்லாம் படத்தில்தான்.

(பொன்னமராவதியில் கோல்ஃபா என்று கேட்கிறீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். "ஏன் சார், இங்க மட்டும் பந்து உருளாதா?" என்றார்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அடைக்கலம் மட்டையை ஓங்கியபோது உலகமே மூச்சை அடக்கிக்கொண்டு—"

வேண்டாம். உலகத்துக்கு ஆயிரம் சோலி.

அடுத்தது: "பச்சைப் புல்லைக் கண்டதும் அடைக்கலத்தின் கண்கள்—"

இதுவும் வேண்டாம். அவர் புல்லைப் பார்த்துப் பார்த்துப் புளித்துப்போனவர். வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு வருடக்கணக்கில் தண்ணீர் பாய்ச்சியவர், மட்டையை ஒருநாளும் தொட்டதில்லை. ஊரோடு இருந்து விவசாயம் பார்க்கலாம் என்று திரும்பி வந்தார். கிணறு கைவிட்டுவிட்டது. இப்போது அதே மைதானத்தின் பயிற்சிக் கூடத்தில் உதவியாள் வேலை ஒன்று காலி. ஆனால் பந்து அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ரகுநாத்தின் கூடத்தில் அடிப்பதை வீடியோ அழைப்பில் மேலாளர் பார்ப்பார். மூன்று பந்து. ஒன்றாவது திரையில் இருக்கும் குளத்தைத் தாண்டினால் விசா.

அவருடைய மனைவி திலகவதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க" என்றாள். என் தலைவலி அந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

3

"மட்டையக் கோழிக்குஞ்சு மாதிரிப் பிடிங்கண்ணே. நசுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது" என்றார் ரகுநாத்.

"அப்பறம் அந்தக் குஞ்சத் தலைக்கு மேல தூக்கி வீசச் சொல்றீங்களே தம்பி."

முழங்காலை லேசாக மடக்க வேண்டும். இடுப்பை வளைத்துக் குனிய வேண்டும். பந்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அடைக்கலம் ஓங்கி அடித்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, தரைவிரிப்பு மட்டும் சுருண்டுகொண்டது. மறுபடி அடித்தார். இந்தத் தடவை காற்றுக்கு நல்ல அடி.

சில நாளில் பந்து கிளம்ப ஆரம்பித்தது. கிளம்பியதெல்லாம் நேரே குளத்துக்குப் போயிற்று. ரகுநாத் தலையில் அடித்துக்கொள்வார். அடைக்கலமோ மட்டையை ஊன்றிக்கொண்டு குளத்தை ரசிப்பார். "கரை முட்டக் கெடக்குதே தம்பி தண்ணி!" கண்மாய் வறண்ட ஊர்க்காரருக்கு, நிறைந்த தண்ணீரைப் பார்த்துத் தோற்றதாக நினைக்க வரவில்லை.

அவருக்குப் போக வேண்டும் என்றும் இருந்தது. இங்கே கையைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? ஆனால் காலையில் திலகவதி எதிரே உட்கார்ந்து டீயை ஆற்றிக் கொடுக்கும்போது, எந்தப் பந்தும் எந்தக் குளத்தையும் தாண்டாமல் இருந்தால் நல்லது என்றும் இருந்தது. இரண்டையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், எழுதுகிறவன் என்பதால்.

4

தேர்வு நாள் வியாழக்கிழமை. ரகுநாத்தின் போன் ஒரு ஸ்டாண்டில் நின்றது, அதற்குள் மேலாளர் இருந்தார். முதல் பந்து குளத்தில். இரண்டாவதும் குளத்தில்.

[இந்த இடத்தில் பரபரப்புக்காக ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதில் வியர்வை அதிகம்.]

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த திலகவதி எழுந்தாள். மண்டபத்து அடுப்படிக்குப் போய், ஒரு கரண்டி நல்லெண்ணெயோடு திரும்பி வந்தாள்.

"ஏங்க, செத்த நில்லுங்க. திரை தெக்கால இருக்கு. இன்னைக்குத் தெக்கதான் சூலம்."

தினசரிக் காலண்டரில் கிழமைக்கு ஒரு திசை போட்டிருக்கும். அன்றைக்கு அந்தத் திசையில் பயணம் ஆகாது. போயே தீர வேண்டும் என்றால் பரிகாரமும் பக்கத்திலேயே இருக்கும். வியாழனுக்குத் தெற்கு, பரிகாரம் தைலம்.

"பந்துக்கெல்லாமா சூலம் பாப்பாக?" என்றார் அடைக்கலம்.

"போறது பந்துதானே? அது போனாத்தானே நீங்க போவீங்க?"

அவள் மூன்றாவது பந்தை எடுத்து, பிள்ளைத் தலைக்கு வைப்பதுபோல் பொறுமையாக எண்ணெய் வைத்தாள். போனுக்குள்ளிருந்து மேலாளர், அந்த அம்மா என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"லோக்கல் ரூல், சார்" என்றார் ரகுநாத்.

அடைக்கலம் ஓங்கி அடித்தார்.

5

முடிவு அ: எண்ணெய்ப் பந்து மட்டையில் வழுக்கி, திரையில் ஒரு கறையை வைத்துவிட்டுப் பொத்தென்று விழுந்தது. கேமராவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மேலாளர் 'தேங்க்யூ' சொல்லி அழைப்பைத் துண்டித்தார்.

முடிவு ஆ: மினுமினுத்த பந்தைப் பார்த்துக் கேமராவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பந்து திரையில் குளத்தைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, படம் முடிகிற இடத்தையும் தாண்டிப் போயிற்று. மேலாளர் எழுந்து நின்று கை தட்டினார்.

எது நடந்தது என்று ரகுநாத்திடமே கேட்டேன். "எதையாச்சும் போட்டுக்கங்க சார். கறை மட்டும் எதப் போட்டா போகும்னு சொல்லுங்க" என்றார்.

பந்து எங்கே விழுந்தாலும் என் சிக்கல் தீராது. திலகவதி எதற்காக எண்ணெய் வைத்தாள்? பயணம் நல்லபடியாக அமையவா, பந்து வழுக்கிப் போகவா? பரிகாரமா, வேண்டுமென்றே செய்த வேலையா? அடைக்கலத்தின் மனதுக்குள் தாராளமாகப் போய்வந்தவன் நான். இவள் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டாள். நான்தான் அவளைப் படைத்தேன் என்று வெளியே சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

6

வேறு வழியில்லாமல், அவள் மண்டபத்துப் படி இறங்கி வருவதாக எழுதி, நேராகவே கேட்டுவிட்டேன்.

"அவர் போகணும்னு தடவுனீங்களா, போகக் கூடாதுன்னா?"

"ஒங்களுக்கு எதுக்குங்க அது?"

"கதையை முடிக்கணும்."

அவள் கையில் இன்னும் எண்ணெய் இருந்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அவுக ஒவ்வொரு தடவ கெளம்பயிலயும் காலண்டரப் பாத்து, தயிரு, பாலு, வெல்லம்னு நாந்தான் வாயில போட்டு அனுப்பிருக்கேன். போறதுக்குக் கெழமைக்கு ஒரு பரிகாரம் போட்டிருக்கு. போகாம இருக்கறதுக்கு என்ன போட்டிருக்கு? பாத்துச் சொல்லுங்க. அதத் தடவுறேன்."

சொல்லிவிட்டு, போனுக்கு முன்னால் கணவர் நிற்கிற இடத்தைப் பார்த்துப் போனாள்.

என் வீட்டுக் காலண்டரில் ஏழு கிழமையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டில் வேறு காலண்டர் இருக்கலாம். அதில் இருந்தால் அவளிடம் சொல்லிவிட்டு, மேலே உள்ள இரண்டு முடிவில் ஒன்றை நீங்களே அடித்துவிடுங்கள். எனக்கு மனசு வரவில்லை.