கட்டுமர மிஷின்

செங்கல்பட்டு பஜாரில் என் ரேடியோ கடையின் பின்கட்டில்தான் அந்த மிஷினைச் செய்தோம். எழுபத்தேழாம் வருடம் சித்திரையில் ஆரம்பித்து ஐப்பசி வரை இழுத்தது. உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

என் கூட்டாளி ஏசுதாஸ் ஐ.டி.ஐ. படித்தவன். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ஓட்டலில், வெளிநாட்டிலிருந்து வந்த வீடியோ கேம் மிஷின் ஒன்று இருந்தது. காசு போட்டால் டி.வி. திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகளும் ஒரு புள்ளியும் தெரியும். குமிழைத் திருகிக் கோட்டை நகர்த்திப் புள்ளியை அடிக்க வேண்டும். உப்புக்காற்றில் அது மாதம் ஒருமுறை படுத்துவிடும், ஏசுதாஸ் போய் எழுப்பிவிட்டு வருவான். நாலாவது தடவை போனபோது உள்ளே இருந்த போர்டு முழுவதையும் நோட்டில் வரைந்துகொண்டு வந்தான்.

"பாய், இதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. நம்மளே பண்ணிடலாம்" என்றான்.

அந்த மிஷினை ஓட்டலில் வைத்திருந்த திருநாவுக்கரசு என்ற மெட்ராஸ்காரரும் இறக்குமதி லைசென்ஸுக்கு அலைந்து சலித்துப்போயிருந்தார். உள்ளூரில் ஒன்று செய்துகொடுங்கள், ஓடினால் இருபது வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

பந்து வேண்டாம், கட்டுமரம் வைக்கலாம் என்று சொன்னது ஏசுதாஸின் தங்கை ஜெசிந்தா. கல்யாணத்துக்கு முன் கிண்டியில் ஒரு ரேடியோ கம்பெனியில் சர்க்யூட்டில் ஈயம் பற்றவைக்கும் வேலை பார்த்தவள். சதுரங்கப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் புருஷன் மிக்கேல் கடலுக்குப் போகிறவன். வாரத்தில் மூன்று நாள் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து வந்து எங்களுக்குப் பற்றவைத்துக் கொடுப்பாள். எங்கள் கை நடுங்கும் இடத்தில் அவள் கை நடுங்காது.

திரையின் மேலே கட்டுமரம், கீழே கரை. நடுவில் அலைகள் கோடுகோடாக வரும். இடிபடாமல் கட்டுமரத்தைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு காசுக்கு மூன்று மரம். முதலில் எல்லா அலையும் ஒரே சீராக வந்தன. மிக்கேல் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னா மச்சான், அலை இப்டியா வரும்? பெருசா மூணு வரும். அப்பால கொஞ்சம் அசந்துடும். அந்த நேரத்துல உள்ள வுட்டு வந்துடணும்."

மேஜையில் விரலால் தட்டித் தட்டி அந்தக் கணக்கைக் காட்டினான். ஏசுதாஸ் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு குறித்தான். அதே தாளத்தில் அலைகள் வரும்படி சர்க்யூட்டை மாற்ற ஒரு மாதம் ஆனது.

திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் போர்டில் ஒரு டயோடு. எல்லாம் முடிந்தபிறகு ஜெசிந்தா இன்னும் ஒன்றைப் பற்றவைத்தாள். திரையில் மரத்தின் நடுவே புதிதாக ஒரு புள்ளி நின்றது.

"இது யாரு?" என்றான் மிக்கேல்.

"நீதான்."

"என் தல இம்மாந்தூண்டா?"

ஆட உட்கார்ந்தவன் அன்று சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. ஒரு மரத்தைக்கூட முழுக விடவில்லை.

ஐப்பசிக் கடைசியில் புயல் அடித்தது. முந்தின நாள் விடியலில் மிக்கேலும் இன்னும் இரண்டு பேரும் கடலுக்குப் போயிருந்தார்கள். கட்டுமரம் புதுப்பட்டினம் பக்கம் ஒதுங்கியது. ஆட்கள் ஒதுங்கவில்லை. உடல் இல்லாமலே மாதா கோயிலில் பூசை வைத்தார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஜெசிந்தா கடைக்கு வந்தாள். வேலை ஏதும் மிச்சமில்லை என்று அவளுக்கே தெரியும். பின்கட்டுக்குப் போனாள், மிஷினைப் போட்டாள், ஸ்டூலில் உட்கார்ந்து ஆடத் தொடங்கினாள். கட்டுமரம் கரையைத் தொட்டதும் மணி அடித்தாற்போல ஒரு சத்தம் வரும். அன்று முழுவதும் அந்தச் சத்தம் முன்கடைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். ஏசுதாஸால் தங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. அவள் வந்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

ஒருநாள் நானே சொன்னேன். "போதும்மா. வூட்டுக்குப் போய் கொஞ்சம் படு."

"அவரு வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும் அண்ணாத்த. எனக்கு ஒண்ணும் புத்தி பெரளல. இது கரைக்கு வந்தா ஒரு நிமிசம் மூச்சு வுட முடியுது. அவ்ளோதான்."

மார்கழி பிறந்ததும் திருநாவுக்கரசு வந்தார். ஒரு காசு போட்டு இருபது நிமிடம் ஆடினார். பிறகு எழுந்து தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் கீது. ஆனா ஒரு காசுக்கு இவ்ளோ நேரம் ஆடுனா எவன் மறு காசு போடுவான்? ரெண்டு நிமிசத்துல மூணும் முழுவணும். அந்த அலை ஓயற நேரத்த எட்துடு."

"அது மட்டும் முடியாது சார்" என்றான் ஏசுதாஸ். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

திருநாவுக்கரசு என் பக்கம் திரும்பினார். திங்கட்கிழமை லாரி வரும், அதற்குள் மாற்றி வைத்தால் ஏற்றிக்கொள்வேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார்.

ஏழு மாத உழைப்பு வீணாகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏசுதாஸுக்கும் நல்லதுதானே என்றும் சொல்லிக்கொண்டேன். அலை ஓயும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கப் போர்டின் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு. ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று சுற்றினேன். அலைகளுக்கு நடுவே ஓய்வே இல்லாமல் போனது. ஆடிப் பார்த்தேன். மூன்று மரமும் ஒரு நிமிடத்துக்குள் முழுகின.

மறுநாள் ஞாயிறு. அவள் பூசைக்குப் போவாள், வரமாட்டாள் என்று நம்பியிருந்தேன். பூசை முடிந்து வெள்ளைப் புடவையோடு நேராகக் கடைக்கு வந்துவிட்டாள். அவள் பின்கட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மரம் முழுகினால் அடித்தொண்டையில் உறுமுவது போல ஒரு சத்தம். அது கேட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டது. நான் எழுந்து போய்க் கதவருகே நின்றேன். ஸ்டூலை முன்னால் இழுத்துப்போட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினாள். மூன்று பெரிய அலை போனதும் பழக்கத்தில் மரத்தை உள்ளே விடுவாள். நாலாவது அலை வந்து அடித்துவிடும். அப்படிப் பதினொரு மரம் போயிற்று.

"அண்ணாத்த, மிஷின் கெட்டுப்பூச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"நான்தான்மா திருகி வச்சேன்."

"ஏன்?"

"ஜனங்க மறுபடி காசு போடணும்ல. அவரு அப்டி கேட்டாரு."

திரையில் நின்றிருந்த கடைசி மரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப எவ்ளோ நல்லா ஓட்னாலும் முழுவத்தான் போவுது?"

அவளே சுவிட்சை அணைத்தாள். பையை எடுத்துக்கொண்டு நடந்தவளைப் பின்னாலேயே ஓடித் தெருவில் மறித்தேன்.

"இரும்மா. ஒரு நிமிசம். இப்பவே பழையபடி திருப்பிடறேன்."

"வேணாம் அண்ணாத்த. இனிமே அது கரைக்கு வந்தாலும், நீங்க திருப்பினதாலதான் வருதுன்னு தோணும்."

திரும்பிப் போய்த் திருகைப் பழைய இடத்தில் வைத்தேன். விஷயம் தெரிந்து ஏசுதாஸ் அன்று சாயங்காலமே வந்தான். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். தன் நோட்டையும் ஈயம் பற்றவைக்கும் கோலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"அனுப்பிடு பாய். எங்கியாவது போவட்டும்" என்று மட்டும் சொன்னான்.

மிஷின் மாமல்லபுரம் போனது. மாற்றாமல்தான் அனுப்பினேன்; லாரியோடு வந்தவன் ஆடிப் பார்க்கவில்லை. ஒரே காசில் ஒரு வெள்ளைக்காரப் பெண் முக்கால் மணி நேரம் ஆடினாளாம். பத்து நாளில் திருநாவுக்கரசு, இது ஓடாது என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். பிக்சர் டியூபைக் கழற்றி அந்தப் பந்து மிஷினுக்குப் போட்டுக்கொண்டார்கள். போர்டு எங்கே போனதென்று கேட்டபோது ஓட்டலில் யாருக்கும் தெரியவில்லை.

ஏசுதாஸ் பம்பாய்க்கு வேலை தேடிப் போனான். கடிதம் போடவில்லை.

அடுத்த வருடம் ரம்ஜான் கழிந்து நான் சதுரங்கப்பட்டினம் போனேன். பழைய கோட்டைக்குப் பின்னால் மாமியாரோடு இருந்தாள் ஜெசிந்தா. வலை பின்னிக்கொண்டிருந்தவள் எழுந்து டீ போட்டுக் கொடுத்தாள்.

"யாரும்மா இவரு?" என்றாள் மாமியார்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சவரு."

மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தவன், டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். என் பிள்ளைகள் எத்தனாவது படிக்கிறார்கள் என்று விசாரித்தாள், சொன்னேன். பஸ் நிற்கும் இடம் வரை கூட வந்தாள்.

"எடம் கீது, ஏறிக்குங்க" என்றாள்.

ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவள் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள்.