இடது பக்கத்து சீட்

மையித்தைக் குளிப்பாட்ட வந்தவர்களில் யாரோ வாசலில் நின்ற காரின் மேல் சாய்ந்துவிட்டார் போலிருக்கிறது, அது அலறத் தொடங்கியது. உள்ளே யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள், நிறுத்தவும் மனமில்லாமல் தொடரவும் முடியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"கார்த் திறப்பு எங்க பஸீஹா?" என்று கேட்டாள் சகீனா. மவுத்தான சாஹுல் ஹமீதின் மூத்த சகோதரி அவள்.

சாவி இருக்கும் இடம் பஸீஹாவுக்குத் தெரியும். அறையில், ஆணியில் தொங்கும் அவருடைய சட்டைப் பையில். ஆனால் காலையில் சுபஹு தொழுத விரிப்பிலேயே கணவர் சரிந்து உயிர் விட்டதிலிருந்து அவளுக்குச் சொற்கள் தாமதமாகத்தான் வந்தன. வாய் திறப்பதற்குள் அலறல் சட்டென்று அறுந்தது.

"ஸாகி கண்ணாடிக்குள்ளால கைய விட்டு பொனட்டத் தூக்கி பெட்டரியக் கழட்டிட்டான்," என்றாள், வாசலில் நின்ற ஹமீதின் தம்பியைப் பார்த்தபடி ஜன்னலருகே நின்ற ஒருத்தி. "கெட்டிக்காரன்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். பஸீஹா மட்டும் தலை தூக்கி வாசல் பக்கம் பார்த்தாள்.

கார்களுக்குள் சத்தத்தைச் சரிசெய்வதுதான் ஹமீதின் தொழில். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கொட்டகை. கண்டியிலிருந்தும் திகனையிலிருந்தும் பொடியன்மார் விலை கூடிய ஸ்பீக்கர்களைப் பூட்டிக்கொண்டு வந்து, பாட்டு நல்லாயில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டு நிற்பார்கள். அவர் சாரதி சீட்டில் உட்கார்ந்து, அளவுநாடாவைக் காதோரம் பிடித்து, ஒவ்வொரு கதவுக்கும் தூரம் பார்ப்பார். "கிட்ட ஈக்கிற சத்தம் முந்தி ஓடி வந்திரும். அதக் கொஞ்சம் புடிச்சி வைக்கணும். தூரத்தில ஈக்கிறதும் வந்து சேந்தா, ரெண்டும் ஒண்டா காதுக்கு வரும். அப்பதான் பாடுறவர் முன்னுக்கு நிக்கிற மாதிரி ஈக்கும்."

ஒரு சீட்டுக்குத்தான் அப்படி வைக்கலாம். எல்லோரும் ஓட்டுகிறவரின் சீட்டுக்கே வைக்கச் சொன்னார்கள். அவருடைய சொந்தக் காரும் அப்படித்தான் இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. பின் சீட்டில் ஏற ஆளில்லை. கலியாணமான காலந்தொட்டு பஸீஹா இடது பக்கம் இருந்து, தன் முழங்காலருகே கதவு மட்டும் பாடுவதைக் கேட்டுக்கொண்டு பயணம் போனாள்.

"ஒங்கட பாட்டுக்கு நான் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி," என்று குத்துவாள். "கதவுக்குள்ளால ஒட்டுக் கேக்கிற."

நேற்றுப் பின்னேரம் அவர் அளவுநாடாவோடு அந்த இடது சீட்டில்தான் வெகுநேரம் கிடந்தார். பிறகு குசினி வாசலில் வந்து நின்றார்.

"வா புள்ள, சத்தத்த ஒன்ட சீட்டுக்கு வச்சீக்கிறன். ஒருக்கா இருந்து கேட்டுப் பாரு."

"எண்ணெ கொதிக்கிது. நாளக்கிப் பாப்பம்."

"சரி. கார் எங்கயும் ஓடிராது," என்று சிரித்துவிட்டுப் போனார்.

பெட்டரியைக் கழற்றினால் காரின் பழைய ரேடியோ வைத்த அளவுகள் எல்லாவற்றையும் மறந்துவிடும். அவர் காதால் வைத்தவை. எங்கும் குறித்து வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. சில வேளை பெட்டரி இல்லாமலும் கொஞ்ச நேரம் தாங்கும் என்றும் ஒருமுறை சொல்லியிருந்தார். அந்தச் சில வேளையைப் பிடித்துக்கொண்டு பஸீஹா இருந்தாள். கபன் துணிக்குள் முகம் காட்டியபோதும், சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பள்ளிவாசலுக்கு இறங்கியபோதும், பெண்கள் மட்டும் மிஞ்சிய வீட்டில் யாரோ தேத்தண்ணியை வாயருகே கொண்டுவந்தபோதும், அவள் வாசலில் நின்ற காரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடக்கிவிட்டு ஆண்கள் திரும்பிய பிறகு சகீனாவின் கையைப் பிடித்தாள்.

"மதினி, ஸாகிக்கிட்டச் சொல்லி பெட்டரியப் பூட்டச் சொல்லுங்க. நான் கொஞ்சம் காருக்குள்ள இரிக்கணும்."

"புருசன் மவுத்தாகி இத்தாவுல மறஞ்சி ஈக்கிற பொம்புள காருல ஏறுறதா? சனம் என்ன சொல்லும்?"

"வாசலத் தாண்ட மாட்டன். எனக்குக் கார் ஓடத் தெரியாதுண்டு ஊருக்கே தெரியும்தானே."

மூலையில் ஒருத்தி சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள். சகீனா சிரிக்கவில்லை. பஸீஹாவின் தலையில் துணியை இழுத்துவிட்டாள்.

"அவன் பொனட்டுக்கு அந்தப் பக்கமே நிக்கட்டும். நீ மொகத்த மூடிட்டுப் போ."

தூக்கிய பொனட் முன்கண்ணாடியைத் திரைபோல மறைத்திருந்தது. அதற்கு அப்பால் ஸாகி நின்றான். ஸ்பெனர் இரும்பில் தட்டுவது கேட்டது. பஸீஹா இடது சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். சட்டைப் பையிலிருந்து எடுத்து வந்த திறப்பை எட்டிப் போட்டுத் திருப்பினாள்.

ரேடியோ வெளிச்சம் வந்தது. கடிகாரம் பன்னிரண்டு என்று காட்டி மினுங்கியது. ஒரு நிலையமும் இல்லை. வெறும் இரைச்சல். அது அவளுடைய முழங்காலருகே இருந்த கதவிலிருந்து மட்டும் வந்தது.

கொஞ்சம் பொறுத்தால் இடம் மாறும் என்பதுபோல் அவள் அசையாமல் இருந்தாள். மாறவில்லை.

"வேல செய்யிதா மதினி?" ஸாகியின் குரல் காலையிலிருந்து அண்ணனுக்காக அழுது கரகரத்திருந்தது. "நானாக்கிட்டக் கேக்காம இந்தக் கார்ல நான் கை வச்சதே இல்ல. ஓதுற நேரம் அலறுதேண்டுதான் கழட்டினன்."

"வேல செய்யிது தம்பி."

"நானா வச்ச மாதிரியே ஈக்கா?"

பஸீஹா கதவைப் பார்த்தாள்.

"அதே மாதிரி ஈக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான். மூக்கைச் சிந்துவது கேட்டது. "பொனட்ட மூடவா?"

"கொஞ்சம் இரிக்கட்டும்."

பாட்டு ஏமாற்றும், இந்த இரைச்சல் ஏமாற்றாது என்று ஹமீது சொல்வார். ஒரு பக்கத்து வயர் மாறியிருந்தால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். இரைச்சல் காருக்குள் நிற்க இடமில்லாமல் பரந்து அலையும். வயரும் தூரமும் சரியென்றால் ஒரே இடத்தில் வந்து கூடும்.

அவள் வலப்பக்கமாக நகர்ந்தாள். கியர்க்கம்பு தொடையில் இடித்தது. இன்னும் சாய்ந்தாள். தலை இரண்டு சீட்டுகளுக்கும் நடுவில், இரண்டு கதவுக்கும் ஒரே தூரத்தில் வந்தபோது இரைச்சல் கதவை விட்டுக் கிளம்பியது; டாஷ்போர்டின் மேல் மெல்ல ஊர்ந்து வந்து, முன்கண்ணாடியின் நடுவில், கைக்கு எட்டும் தூரத்தில் நின்றது.

இடுப்பு வலித்தது. ஒரு விரற்கடை அசைந்தாலும் அது கதவுக்கே வழுக்கிப் போயிற்று. ஊன்ற இடம் தேடி ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, பஸீஹா மூச்சைச் சின்னதாக்கினாள்.