நாலு மணிக்குள் இயற்பியல்

பதினோராம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் படிவத்தை நாலு மணிக்குள் பள்ளியில் கொடுத்தாக வேண்டும். அதில் இயற்பியலை அடித்துவிட்டு, கையெழுத்துக்காக அக்கா ஸ்கேன் பயிற்சி எடுக்கும் மருத்துவமனைக்கு ஓடினாள் தங்கை.

"போடுறேன். முதல்ல படு, பழகிப் பார்க்க ஆள் கிடைக்கல," என்றாள் அக்கா, படிவத்தைப் பார்த்துவிட்டு.

நெஞ்சில் ஜில்லென்று ஜெல். கருவி பட்டதும் திரையில் சின்னக் கதவு போல ஒன்று திறந்து திறந்து மூடியது.

"என் இதயமா? கேமரா எங்க, அக்கா?"

"கேமராவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. காதுக்குக் கேக்காத சத்தத்த உள்ள அனுப்புறோம். அது மோதித் திரும்புறதுதான் இந்தப் படம்."

பிறந்தது முதல் ஓயாத அந்தக் கதவை அவள் மூச்சுவிட மறந்து பார்த்தாள்.

"இது எந்தப் பாடத்துல வருது?"

"நீ அடிச்சுட்டு வந்திருக்கியே மகாராணி, அதுலதான்."

கதவு படபடவென்று அடித்துக்கொண்டது.

"என்னடி, இந்த ஓட்டம் ஓடுது?"

"மணி மூணே முக்கால்க்கா! புதுப் படிவம் வாங்கணும்!" ஜெல்லைத் துடைக்காமலே எழுந்தாள்.