பென்சிலில் எழுதிய லீவு

"அம்மா, அட்ஜஸ்ட்னா என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டாள் எட்டு வயது மகள். பின்னல் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. நர்ஸ் வேலையில் பன்னிரண்டு வருடம் ஓட்டியவளுக்கு அந்தச் சொல் தெரியாதா என்ன?

பஸ்ஸில் அதற்கு, மூன்று பேர் சீட்டில் நான்காவதாக ஒருவர் தன்னைத் திணித்துக்கொள்வது என்று அர்த்தம். வீட்டுச் சொந்தக்காரர் சொன்னால், குழாய் இந்த மாதமும் ஒழுகும். நாத்தனார் சொன்னால், பிள்ளைகளோடு பத்து நாள் தங்க வருகிறாள். ஒன்று மட்டும் மாறாது: அதைச் சொன்னவர் தாம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை.

"அப்புறம் சொல்றேன், தலையை ஆட்டாதே."

"சனிக்கிழமை ஸ்கூல்ல என் பேச்சைக் கேக்க வருவேல்ல?"

"லீவு எழுதியாச்சுடி, கண்ணு."

எழுதியது பென்சிலில். அந்த வார்டில் டூட்டி சார்ட்டை ஹெட் நர்ஸ் எப்போதும் பென்சிலில்தான் எழுதுவார். ரப்பரும் அவர் கைப்பையில்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால், இவள் கட்டத்தில் ரப்பர் தூள். லீவு ஹெட் நர்ஸின் பெயருக்கு இடம் மாறியிருந்தது.

"மேடம், மூணு மாசத்துல இது ஒண்ணுதான் கேட்டேன்."

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. நோயாளிக்குச் செய்யறது கடவுளுக்கே செய்யற மாதிரி."

"அந்தப் புண்ணியத்தை நாளைக்கு நீங்களே எடுத்துக்கலாமே, மேடம்?"

நல்லவேளையாக ஹெட் நர்ஸுக்குப் போன் வந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் இவள் டூட்டிக்கு வந்தபோது, காலை டூட்டி முடிந்த மூத்த நர்ஸ் சிடுமூஞ்சி அக்கா வீட்டுக்குப் போகாமல் இவள் முன்னால் வந்து நின்றாள். அந்தப் பெயரை வைத்தது நோயாளிகள். அக்காவுக்கு முழங்கால் வேறு வீங்கியிருந்தது.

"மூஞ்சியை ஏன் தூக்கி வச்சிருக்கே? போ, பிள்ளை பேசறதைக் கேளு. நான் பாத்துக்கறேன்."

"அக்கா, உங்க கால்..."

"காலா மேடையேறப் போகுது? கிளம்புடி!"

மேடையில் மகள் இரண்டு வரியை மறந்து விழித்தாள். கூட்டத்தில் அம்மாவின் முகத்தைக் கண்டதும் மூச்சுவிடாமல் பேசி முடித்தாள்.

திங்கட்கிழமை நன்றி சொல்லப் போனவளிடம், "வேலையைப் பாருடி" என்று எரிந்து விழுந்தாள் அக்கா.

அன்று காயத்துக்கு வைக்கும் காஸ் துணியை வெட்டி மடிப்பது அக்காவின் முறை. இரண்டு பெரிய சுருள்; மேசையருகே நின்றபடியே செய்யவேண்டிய வேலை. அக்கா சாப்பிடப் போனதும், இவள் தன் டிபன் டப்பாவோடு டிரெஸ்ஸிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மளமளவென்று வெட்டினாள், சதுரம் சதுரமாக மடித்தாள், கிருமி நீக்க அனுப்பும் டிரம்மில் அடுக்கி மூடியைப் போட்டாள். மேசையில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளையும் துடைத்தாள்.

வராந்தாவில் பார்க்க யாரும் இல்லை. திறக்காத டிபன் டப்பாவோடு வார்டுக்குத் திரும்பினாள்.